வெள்ளைப்படுதல்: வெட்கமும் வேண்டாம், வீண் பயமும் வேண்டாம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஓய்வு பெற்ற தோட்டப்புறத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



நம் வீடுகளில் தாயும் மகளும்கூட வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஒரு விஷயத்தை இன்று பேச வந்திருக்கிறேன். வெள்ளைப்படுதல். அண்ணன்மார்களே, எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் மனைவி, தங்கை, மகள் இருக்கிறார்கள்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை நடுவது 1917ஆம் ஆண்டு அங்குதான் தொடங்கியது. இந்த வட்டாரத்தில் நம் பெண்கள் பால் வெட்டினார்கள், உதிரிப் பழம் பொறுக்கினார்கள், உரம் போட்டார்கள், மருந்து அடித்தார்கள். உடம்புக்கு ஒன்று என்றால் தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் பெரும்பாலும் ஆண் டிரெசர். காய்ச்சலைச் சொல்லலாம், வெட்டுக் காயத்தைக் காட்டலாம். இதை எப்படிச் சொல்வது?

என்னிடம் வரும்போதும் "மிஸ்ஸி, தலை வலிக்குது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போவார்கள். பிறகு திரும்பி வந்து தாழ்ந்த குரலில், "வெள்ளை படுது மிஸ்ஸி. எலும்பு உருகித்தான் அப்படிப் போகுதாமே?" என்று கேட்பார்கள். அந்தப் பயத்தை எத்தனை நாள் மனத்தில் சுமந்தார்களோ!

எலும்பு உருகுவதில்லை

சகோதரிகளே, எலும்பு உருகுவதும் இல்லை, சத்து கரைவதும் இல்லை. கண்ணுக்குக் கண்ணீரும் வாய்க்கு உமிழ்நீரும் எப்படியோ, அப்படித்தான் பெண்ணுறுப்புக்கு இந்த நீர். கருப்பை வாயிலும் பெண்ணுறுப்பின் உட்சுவரிலும் ஊறி, பழைய செல்களையும் கிருமிகளையும் வெளியே தள்ளுகிறது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை அங்கேயும் வாழ்கின்றன. அவை உண்டாக்கும் இலேசான புளிப்புத்தான் தீய கிருமிகளுக்கு வேலி.

நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை படுவது சாதாரணம். நிறமில்லாமலோ பால் வெள்ளையாகவோ இருக்கும். துணியில் காய்ந்தால் இலேசான மஞ்சள் தெரியும். அதன் புளிப்பினால் கறுப்பு உள்ளாடைகூட நாளடைவில் வெளுக்கும். இவையெல்லாம் நோயல்ல.

இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக் கரு போல வழவழப்பாக அதிகம் வரும். பிறகு கெட்டியாகும். கர்ப்ப காலத்திலும், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடும்போதும் கூடலாம். மாதவிலக்கு நின்ற பிறகு குறையும். பெண் பிள்ளைகளுக்குப் பூப்பெய்துவதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். இதை அம்மா முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிள்ளை தனக்கு ஏதோ வியாதி என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அழும்.

எதைச் செய்யலாம்? எதை விடலாம்?

பருத்தி உள்ளாடை அணியுங்கள். நம் ஊர் புழுக்கத்தில், நீள் காற்சட்டையும் ரப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பவர்களுக்கு வியர்வையும் ஈரமும் சேர்ந்துவிடும். பையில் ஓர் உள்ளாடையைக் கூடுதலாக வைத்திருந்து, நனைந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு, இரவில் கைலியோடு காற்றோட்டமாகப் படுங்கள். ஈரம் தொந்தரவாக இருந்தால் வாசனை சேர்க்காத மெல்லிய பேட் வைக்கலாம். ஆனால் நாள் முழுவதும் ஒன்றையே வைத்திருக்கக் கூடாது.

கொடியில் உள்ளாடையைக் கைலிக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் பழக்கத்தை விடுங்கள். வெயிலும் காற்றும் பட்டு நன்றாகக் காயட்டும்.

வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினாலே போதும். துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள். உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். கிருமிநாசினி, படிகாரம், மஞ்சள் தண்ணீர், கடையில் விற்கும் வெற்றிலைக் கழுவுநீர், வாசனைப் பவுடர் எதுவும் வேண்டாம். இவை அந்த நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழிக்கும். வேலியைப் பிடுங்கிவிட்டு மாடு மேய்கிறதே என்று புலம்புவது போல ஆகிவிடும்.

இரண்டு ஆய்வுகள் சொல்லும் பாடம்

மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989ஆம் ஆண்டு ஆய்வை வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன்பு பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே.

கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெள்ளைப்படுகிறது என்று வருந்திய பெண்கள் பலருக்குக் கிருமித் தொற்று காரணமாக இல்லை. மனச்சுமையோடுதான் அந்த முறையீட்டுக்கு அதிகத் தொடர்பு இருந்தது.

ஆக, நோய் இருப்பவள் வாய் திறப்பதில்லை. நோய் இல்லாதவள் பயந்தே நோகிறாள். இரண்டுக்கும் ஒரே மருந்து, தன் உடம்பின் வழக்கம் என்னவென்று ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருப்பதுதான். அசதி ஓயவில்லையென்றால் எலும்பைக் குறை சொல்லாமல் இரத்தச் சோகை இருக்கிறதா என்று சோதியுங்கள். மனம் கனத்தால் அதையும் தாதியிடம் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வழக்கம் மாறினால் போக வேண்டும். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ படுவது, மீன் வாடை, திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வந்து அரிப்பது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், புண், அடிவயிற்று வலி, காய்ச்சல் இவை அடையாளங்கள். அரிப்பு அடிக்கடி திரும்பி வந்தால் இனிப்புநீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நோய் நம் இந்தியர்களிடையே அதிகம். சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். அப்போது அவர் முகம் சுளிக்கக் கூடாது.

உறவுக்குப் பிறகு இரத்தம் கண்டாலோ, மாதவிலக்கு நின்றுபோன பிறகு மீண்டும் இரத்தம் கண்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும், 30 வயது முதல் 65 வயது வரை உள்ள பெண்கள் அதற்கான பரிசோதனையை அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்குத் தடுப்பூசித் திட்டமும் நடந்து வருகிறது. படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் எல்லா இடங்களிலும் சுகாதார மருந்தகம் இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பெண் மருத்துவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

அங்கே போய்த் தலைவலி என்று ஆரம்பிக்காதீர்கள் அம்மா. முதல் வார்த்தையாகவே இதைச் சொல்லுங்கள். இன்று இரவு உங்கள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இங்கே கேட்டதை அவளிடமும் சொல்லுங்கள். நம் தலைமுறை பட்ட வீண் பயம் நம்மோடு போகட்டும்.