யாருடைய ஓட்டு நாட்டுப்பற்று, யாருடைய ஓட்டு சுயநலம்?



தேர்தல் வந்துவிட்டால் நம்மிடம் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. "சாதியைப் பார்க்காதே, சலுகையைப் பார்க்காதே, நாட்டைப் பார்த்து ஓட்டுப் போடு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடஒதுக்கீட்டைக் காப்பாற்றுகிறவருக்கு நாம் ஓட்டுப் போட்டால் அதற்குப் பெயர் சுயநலம். வருமான வரியைக் குறைக்கிறவருக்கு அவர்கள் ஓட்டுப் போட்டால் அதற்குப் பெயர் நாட்டின் வளர்ச்சி. இந்தப் பெயர் வைக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

இதைப் பேசுவதற்கு நான் எடுத்துக்கொள்வது 1964ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல். அதிலும் மிசிசிப்பி என்ற ஒரே ஒரு மாநிலம். பிறப்பை வைத்து மேல், கீழ் என்று மனிதர்களைப் பிரித்த ஒரு சமூகம் நாட்டுப்பற்று என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்தியது என்பதை அங்கே பளிச்சென்று பார்க்கலாம்.

மெட்கர் எவர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டவர். ஊர் திரும்பி, 1946இல் தன் அண்ணனுடனும் நண்பர்களுடனும் ஓட்டுப் போடப் போனார். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. நாட்டுக்காகச் சாகத் தகுதி உண்டு, நாட்டை ஆள்வது யார் என்று சொல்லத் தகுதி இல்லை! கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய அவரை 1963 ஜூன் 12 அன்று வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். பிறகு ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

அன்றைய மிசிசிப்பியில் பத்தில் நான்கு பேர் கறுப்பின மக்கள். ஆனால் 1964இல் அவர்களில் ஓட்டுரிமை வயதை எட்டிய நூறு பேரில் ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் பதியப் போனால், மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. விண்ணப்பித்தவர்களின் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். முதலாளி படிப்பார், மறுநாள் வேலை இருக்காது.

இந்த நிலையில்தான் தேர்தல் வருகிறது. லிண்டன் ஜான்சன் அந்த ஆண்டு ஜூலையில் குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். அதை எதிர்த்து செனட்டில் வாக்களித்தவர் பாரி கோல்ட்வாட்டர். அரசமைப்புச் சட்டத்தின் பெயராலும் மாநில உரிமையின் பெயராலும் எதிர்த்தார். மாநில உரிமை நமக்குப் பிடித்த சொல். ஆனால் எந்தச் சொல்லையும் அது யாரைக் காக்கிறது, யாரை நசுக்குகிறது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

முடிவு என்ன? நாடு முழுவதும் ஜான்சன் 61 விழுக்காடு வாங்கினார். கோல்ட்வாட்டர் வென்றது ஆறே மாநிலங்களில். சொந்த மாநிலமான அரிசோனா போக மற்ற ஐந்தும் தென்கோடி மாநிலங்கள். மிசிசிப்பியில் மட்டும் அவருக்கு 87 விழுக்காடு!

மிசிசிப்பி அந்நாட்டின் மிக ஏழை மாநிலம். ஜான்சன் வறுமை ஒழிப்புத் திட்டமும் ஏழைகளுக்கான உணவுச் சீட்டுத் திட்டமும் கொண்டுவந்திருந்தார். கோல்ட்வாட்டரோ, அந்த மாநிலத்தின் வடகிழக்கு ஊர்களுக்கு மலிவாக மின்சாரம் கொடுத்த அரசு நிறுவனத்தையே தனியாருக்கு விற்கலாம் என்றவர். 1936இல் ரூஸ்வெல்ட்டுக்கு 97 விழுக்காடு கொடுத்த மாநிலம் அது. தன் வயிற்றையும் தன் வீட்டு விளக்கையும் பார்த்திருந்தால் ஏழை வெள்ளையர் யாருக்குப் போட்டிருக்க வேண்டும்?

அப்படியானால் அவர்கள் சுயநலத்தைத் துறந்து நாட்டுக்காக ஓட்டுப் போட்டார்களா? இல்லை. சுயநலம் என்றால் பணம் மட்டும்தான் என்று நினைப்பதால் நமக்கு அப்படித் தெரிகிறது. டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் 1935இலேயே இதற்கு விடை எழுதினார். ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவுதான். ஆனால் அதற்கு மேல் இன்னொரு கூலி கிடைக்கிறது. தோல் நிறத்துக்காகக் கிடைக்கும் மரியாதை அது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதும் இதை ஒட்டியதுதான். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு, தனக்கு மேலே இருப்பவனை எதிர்க்க விடாது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஒரு தலித் ஊராட்சித் தலைவராவதைப் பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் பணக்காரர்களா? அந்த இரண்டாவது கூலிக்காகத்தான் அவ்வளவும். அந்தக் கூலியைக் காக்கும் ஓட்டுக்கு ஊர்க் கட்டுப்பாடு, பண்பாடு, நாட்டுப்பற்று என்று ஏதாவது ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

மறுபக்கம் பாருங்கள். ஃபேனி லூ ஹேமர் பருத்தித் தோட்டத்துத் தொழிலாளி. 1962இல் வாக்காளராகப் பதியப் போன அன்றே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு காவலில் வைத்து அடித்து நொறுக்கினார்கள். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் போய், வெள்ளையர் மட்டுமே கொண்ட மிசிசிப்பிக் குழுவை ஏற்கக் கூடாது என்று வாதாடினார். அவர் பேச்சைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டியபோது, கேமராவைத் தன் பக்கம் இழுக்க ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். தென் மாநில வெள்ளையர் ஓட்டுப் போய்விடும் என்ற பயம். கடைசியில் இரண்டே இடம் தருகிறோம், கோல்ட்வாட்டரைத் தோற்கடிப்பதுதான் முக்கியம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஹேமரும் தோழர்களும் மறுத்துவிட்டார்கள்.

ஆனாலும் அவர்கள் தேர்தலில் ஜான்சனையே ஆதரித்தார்கள். நாடு முழுவதும் கறுப்பின வாக்காளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அவருக்கே போட்டார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் இல்லை. நான்கே மாதத்தில் செல்மாவில் அடி வாங்கினார்கள். 1965 ஆகஸ்ட் 6 அன்று அதே ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று 1949இல் அம்பேத்கர் எச்சரித்தார் அல்லவா? பக்தி இல்லாமல் ஓட்டுப் போடுவது எப்படி என்பதற்கு இதுதான் பாடம்.

முதல் முறை ஓட்டுப் போடப்போகும் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் தேவையைப் பார்த்து ஓட்டுப் போடுவதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்பது கிடைத்தால் இன்னொருவரின் உரிமை போகுமா, அல்லது இன்னும் பலருக்கும் சேர்த்துக் கதவு திறக்குமா? மிசிசிப்பி வெள்ளையரின் நாட்டுப்பற்று நாட்டைத் தங்கள் தெருவாகச் சுருக்கியது. ஹேமரின் "சுயநலம்" வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் அந்த நாட்டைச் சொந்தமாக்கியது.

யாராவது உங்கள் ஓட்டைச் சாதி ஓட்டு என்று ஏளனம் செய்தால், அவர் ஓட்டு எந்தக் கூலியைக் காப்பாற்றுகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.