தீயணைக்கும் தொண்டு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1736ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் தொண்டர் தீயணைப்புக் கழகமொன்றைத் தோற்றுவித்தனர். தோல் வாளியும், பொருள்களை மீட்கும் பையுமே அவர்தம் கருவிகள்.

நம் கொல்கத்தாவிலும் அவ்வுணர்வு உண்டு. 2011 டிசம்பர் 9 விடியற்காலை, டாகுரியா மருத்துவமனையொன்றில் தீப்பற்றி 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். பலரைக் கொன்றது புகையே. அன்று முன்னதாக ஓடிவந்து நோயாளிகளை மீட்டோர், அருகிலிருந்த பஞ்சானன்தலாக் குடிசைவாழ் மக்களாவர்.

நியூ டவுன் அடுக்குமாடிகளில் வாழும் நாமோ, படிக்கட்டுகளில் மிதிவண்டியும் பழஞ்சாமான்களும் அடைத்து வைத்துள்ளோம். தீ மூண்டால் லிப்ட் ஆகாது, படிக்கட்டே வழி. ஆதலின் முதற்கண் அவற்றை அகற்றுவோம். மாடிக்கு இருவராகத் தொண்டர் படை அமைப்போம். முதியோரைக் கீழிறக்கப் பழகுவோம். தீயணைப்பு வண்டி வரும்வரை அண்டை வீட்டாரே துணை.