நீவாடு எந்தப் பக்கம்?



நடுக்கடலில் ஒரு படகு. எஞ்சின் நின்றுவிட்டது. காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துப் போகின்றன. தேடுகிறவர்கள் வடக்கே போவதா, தெற்கே போவதா? பக்கம் தவறினால் உயிருக்கே ஆபத்து.

கடலுக்குள்ளும் ஆறு போல நீர் ஓடுகிறது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் இதை நீவாடு என்பார்கள். தமிழ்நாட்டுக் கரையோரம் பங்குனி, சித்திரையில் இது பெரும்பாலும் வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே ஓடும். ஆனால் வேகம் நாளுக்கு நாள் மாறும். சில நாள் திசையும் மாறும். ஆகவே அளந்து பார்க்க வேண்டும்.

எப்படி அளப்பது? ஒரு கருவியில் சிறு விசிறி இருக்கும். நீர் ஓடினால் விசிறி சுற்றும். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு வேகம்? கடைத் தராசைச் சோதித்து முத்திரை இடுகிறார்கள் அல்லவா? இந்தக் கருவிக்கும் சோதனை உண்டு.

அந்தச் சோதனை புனேயில் நடக்கிறது. புனே கடற்கரை ஊர் அல்ல. அதன் அருகே கடக்வாஸ்லாவில் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1916-இல் தொடங்கிய நிலையம் அது. அங்கே நீண்ட தொட்டியில் நீர் அசையாமல் நிற்கும். மேலே தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடும். கருவியை வண்டியில் தொங்கவிட்டு, குறித்த வேகத்தில் நீருக்குள் இழுப்பார்கள். விசிறியின் சுற்றுகளை எண்ணுவார்கள். கணக்குக் கிடைத்துவிடும்.

கரையிலிருந்து கடல் முதலில் மெல்ல ஆழமாகும். பிறகு மலைச்சரிவு போல இறங்கும். அந்தச் சரிவில் அளக்க ஒலிக் கருவி உதவுகிறது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2009 முதல் 2013 வரை கடலூர், விசாகப்பட்டினம் முதலிய ஊர்களுக்கு நேரே இப்படி அளந்தது. கருவியைக் கயிற்றில் கட்டி, கனமான எடையோடு கடலில் இறக்குவார்கள். மிதவைகள் கயிற்றை நிமிர்த்தி நிறுத்தும். கருவி ஒலி எழுப்பும். நீரோடு போகும் சிற்றுயிர்கள் மீது பட்டு அந்த ஒலி திரும்பும். ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் கூர்மையாகக் கேட்கும், விலகும்போது தணியும். அதுபோல, திரும்பி வரும் ஒலியின் மாற்றம் நீரின் வேகத்தையும் திசையையும் சொல்லும். மேல்நீர் வடக்கே ஓடும்போது அடிநீர் தெற்கே ஓடுவதும் உண்டு என்று இதில் தெரிந்தது.

இத்தகைய அளவுகளோடு ஒப்பிட்டே கணினிக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் 2016 முதல் தேடுவோருக்கு உதவுகிறது. படகு கடைசியாக இருந்த இடமும் நேரமும் தெரிந்தால், எங்கே தேடலாம் என்று அது காட்டும்.

ஆகவே கடலுக்குப் போகிறவர்கள் இடத்தையும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. இதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.