கரிசல் வீட்டுக்குக் குழி வேண்டாம், தொட்டி வேண்டும்

(வானொலிப் பேச்சு – வேளாண் விரிவாக்க அலுவலர், கழுகுமலை)



மானாவாரி விவசாயிக்கு மழையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு உழவு மழை பெய்ததா, இரண்டு உழவு மழை பெய்ததா என்று காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். பருவமழைக்கு முன்பே விதைப்பது, சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்புப் போட்டு மழையைப் புஞ்சையிலேயே நிறுத்துவது என்று எத்தனையோ வழிகள். 1901-ஆம் ஆண்டு தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் இந்த மானாவாரி வேலையைத்தான் இத்தனை காலமாகச் சொல்லி வருகிறது. ஆக, நிலத்தில் விழுகிற மழைக்குக் கணக்கு வைத்திருக்கிறோம்.

வீட்டுக் கூரையில் விழுகிற மழைக்கு யாராவது கணக்கு வைத்திருக்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம்முடைய கழுகுமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் இருக்கிற அந்தப் பாறையில் மழை பெய்தால் என்ன ஆகிறது? பாறை தண்ணீரைக் குடிப்பதில்லை. பெய்தது அத்தனையும் வழிந்து அடிவாரத்துக்கு ஓடிவருகிறது. உங்கள் காரை வீட்டு மச்சும் ஒரு சின்னப் பாறைதான். அதில் விழுகிற தண்ணீரையும் மண் குடிப்பதில்லை, பயிரும் குடிப்பதில்லை. தெருவுக்கு வந்து சகதியாகி, கடைசியில் ஓடைக்குப் போய்விடுகிறது. சகதியை மிதித்துக்கொண்டு, குடத்தையும் தூக்கிக்கொண்டு, நம் வீட்டுப் பெண்கள் குழாயடிக்குப் போகிறார்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். 25 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள மச்சு, ஏறக்குறைய 46 சதுர மீட்டர். அதில் ஒரு அங்குல மழை, அதாவது 25 மில்லிமீட்டர் பெய்தால் 1,150 லிட்டர். தெறித்தது, ஆவியானது, மச்சு உறிஞ்சியது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள். மீதி 900 லிட்டருக்குக் குறையாது. 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 60 குடம். ஒரே ஒரு மழையில், வாசல்படி தாண்டாமல், 60 குடம்!

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம் முழுவதுமாகச் சேர்த்து 400 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வையுங்கள். அதே மச்சிலிருந்து 14,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 25 லிட்டர் போதும். தை பிறந்ததிலிருந்து ஆனி முடிய ஆறு மாதத்துக்கு 4,500 லிட்டர்தான் ஆகிறது. மூன்று பங்கில் ஒரு பங்கைப் பிடித்து வைத்தாலே கோடை கடந்துவிடும் என்று அர்த்தம்.

"சரி, அரசாங்கம் சொன்னபடி வீட்டோரம் ஒரு குழி தோண்டி, அதிலே விட்டாச்சே, அது போதாதா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சின் முக்கியமான விஷயமே இதுதான்.

2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். சென்னைப் பட்டணத்தில் கடலோரப் பகுதிகள் மணல் பூமி. குழி தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டுத் தண்ணீரை விட்டால், அங்குலக் கணக்கில் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அந்த ஊருக்கு அது பொருத்தம். ஆனால் அதே படத்தைப் பார்த்துக் கரிசலில் குழி தோண்டினால் என்ன ஆகும்?

கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்தால் உப்பி, வெடிப்பை எல்லாம் மூடிக்கொள்ளும். இது அந்த மண்ணில் இருக்கிற ஒருவகைக் களிமண்ணின் வேலை. மூடிக்கொண்ட பிறகு மணிக்கு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். ஈரத்தைப் பிடித்து வைக்கிற அந்தக் குணத்தால்தான் தை மாதப் பனியிலும் பருத்தியும் கொண்டைக்கடலையும் நமக்கு விளைகின்றன. ஆனால் வீட்டோரக் குழிக்கு அதுவே வினை. குழியில் விட்ட தண்ணீர் இறங்காது. நின்று நாறும், கொசு பிடிக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அஸ்திவாரத்தின் ஓரத்திலே கரிசல் உப்புவதும் சுருங்குவதுமாக இருந்தால் சுவர் வெடிக்கும். பாடுபட்டுக் கட்டிய காரை வீட்டில் மூலைக்கு மூலை கீறல் விழும். தப்பித் தவறித் தண்ணீர் கீழே போனாலும், நம் பக்கத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். நல்ல தண்ணீரை உப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு, மறுபடி உப்புத் தண்ணீரை இறைத்து என்ன பயன்?

ஆகையினால் கரிசல்காட்டுக்காரர்கள் மழைநீரைப் புதைக்க வேண்டாம், சேர்த்து வையுங்கள். தொட்டியில் சேமிப்பதும் மழைநீர் சேகரிப்புத்தான். ராஜஸ்தானில் தார்ப் பாலைவனத்து ஜனங்கள் நம்மைவிட மிகக் குறைந்த மழையை வைத்துக்கொண்டு, வீட்டு முற்றத்தில் 'டாங்கா' என்று ஒரு தொட்டி கட்டிச் சுண்ணாம்பு பூசி, தலைமுறை தலைமுறையாகக் குடிதண்ணீர் சேமித்து வருகிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

தொட்டி கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. உள்ளளவு 6 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி உயரம் இருந்தால் சுமார் 5,000 லிட்டர் பிடிக்கும். முன்னே சொன்ன ஐந்து பேர் குடும்பத்துக்கு இது போதும். தண்ணீர் நிறைந்தால் 5 டன் எடை. ஆகவே மச்சின்மேல் வைக்கவே கூடாது.

இரண்டாவது, இடம். தொட்டியைத் தரைக்கு மேலேயே கட்டுவது நல்லது. பூமிக்குள் கட்டினால் உப்புகிற கரிசல் சுவரை நெருக்கி உடைக்கும். மேலே கட்டினாலும், அடியில் இரண்டு மூன்று அடி கரிசலை அள்ளி எறிந்துவிட்டுச் சரளையைக் கொட்டி, கெட்டித்து, அதன்மேல் தளம் போடுங்கள். செங்கல்லால் கட்டலாம், கம்பிவலை வைத்துச் சிமெண்டு பூசியும் கட்டலாம். உடனே முடியாதவர்கள் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இந்த வருஷம் வையுங்கள். அடுத்த வருஷம் இன்னொன்று சேருங்கள்.

மூன்றாவது, முதல் மழை. மச்சில் ஆறு மாதத் தூசி இருக்கும், காக்கை எச்சம் இருக்கும், வற்றல் காயப்போட்ட மிச்சம் இருக்கும். ஆகவே புரட்டாசிக்குள் மச்சைக் கூட்டிக் கழுவிவிடுங்கள். இறங்கு குழாயில் ஒரு மூடியுள்ள கிளைக்குழாய் வைத்து, ஒவ்வொரு மழையிலும் முதல் பத்துப் பதினைந்து நிமிஷத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் தொட்டிக்குத் திருப்புங்கள். ஓட்டு வீடாக இருந்தால் தாவாரத்தில் தகரத்தை அரைவட்டமாக வளைத்துக் கட்டித் தண்ணீரைப் பிடிக்கலாம்.

நான்காவது, வடிகட்டி. ஒரு பழைய டிரம் போதும். அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் கழுவிய ஆற்றுமணல், மேலே ஒரு நைலான் வலை. தண்ணீர் மேலே விழுந்து அடிவழியாகத் தொட்டிக்குப் போகட்டும். வருஷத்துக்கு ஒருமுறை மணலை எடுத்துக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பருத்திக்குப் பூச்சிமருந்து வந்த டிரம்மையோ டப்பாவையோ எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு வைக்காதீர்கள். மருந்துத் தெளிப்பானை மச்சில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைக்கிற பழக்கமும் வேண்டாம். விஷம் தண்ணீரோடு இறங்கிவிடும்.

ஐந்தாவது, மூடி. வெளிச்சம் பட்டால் தொட்டியில் பாசி பிடிக்கும். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். டெங்கு காய்ச்சலைப் பரப்புகிற கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டிலே சேர்த்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். ஆகவே இறுக்கமான மூடி போடுங்கள். நிறைந்து வழிகிற குழாயின் வாயிலே வலை கட்டுங்கள். எடுக்கிற குழாயை அடியிலிருந்து அரை அடி மேலே வையுங்கள், வண்டல் கலக்காது. செம்பை விட்டு மோந்து எடுக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே குடியுங்கள்.

ஓலைக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ள வேண்டாம். துணி துவைக்க, பாத்திரம் கழுவ எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு மூன்று வீடுகள், ஒரு வீட்டு மச்சுத் தண்ணீரைப் பொதுவாகச் சேர்த்துப் பங்கிட்டுக் கொள்வதும் நல்லதுதான். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், சமுதாயக் கூடம் இவற்றின் மச்சு பெரியது. ஊர்க்காரர்கள் கேட்டுச் செய்யவைக்க வேண்டும்.

தொட்டி நிறைந்து மிச்சமாகிற தண்ணீரை என்ன செய்வது? பக்கத்திலே, வீட்டுக்கு எட்ட, திறந்த கிணறு இருந்தால் வடிகட்டி அதில் விடலாம். கிணறு கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறைவரை போயிருப்பதால் அங்கே தண்ணீர் ஏற்கும். கிணறு இல்லாதவர்கள், வீட்டைவிட்டு விலகி நிற்கிற முருங்கைக்கும் வேம்புக்கும் வாய்க்கால் வெட்டி விடுங்கள். குளிக்கிற தண்ணீரும் அப்படியே. தெருவில் விட்டால் அண்டைவீட்டாரோடு சண்டை. வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டால் பச்சை. சவுக்காரத் தண்ணீர் ஒரே இடத்தில் தொடர்ந்து விழுந்தால் மண் இறுகிப்போகும். இடத்தை மாற்றி மாற்றி விட்டு, மக்கிய குப்பையும் போட்டு வாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உவர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் எத்தனை விறகு எரிந்திருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மழைத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இல்லை. பருப்பு சீக்கிரம் வேகும், சவுக்காரம் நன்றாக நுரைக்கும். விறகோ கேஸோ அந்த மட்டுக்கு மிச்சம். அடுப்படிப் புகையும் குறையும்.

"பெய்யுற மழையே கொஞ்சம். இதுக்குப் போய்ச் செலவழிச்சுத் தொட்டி கட்டவா?" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். ஐயா, மழை கொஞ்சம் என்பதால்தான் தொட்டி வேண்டும். நாள்தோறும் பெய்கிற ஊரில் தொட்டி எதற்கு? செலவைப் பார்க்கிற நாம் இன்னொரு செலவையும் பார்க்க வேண்டும். களையெடுப்பு நேரத்தில் தண்ணீருக்காக வீட்டுப் பெண் குழாயடியில் காத்திருந்தால் ஒரு கூலி போயிற்று. குடத்துக்கு இவ்வளவு என்று விலைகொடுத்து வாங்கினால் அது தனி. ஒரு கோடை முழுவதும் இரண்டையும் ஒரு நோட்டிலே எழுதிக் கூட்டிப் பாருங்கள். தொட்டிக்கு ஆகிற செலவு அப்போது பெரிதாகத் தெரியாது.

பட்டணத்துக்காரர்களுக்குக் குழாயில் வருகிறதே என்று நினைக்கலாம். கோவில்பட்டிக்கே தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து அத்தனை தூரம் குழாயில் வரவேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் கொண்டுபோனார்கள். தூரத்துத் தண்ணீரை மட்டும் நம்பினால், ஆறு வற்றினாலும் கஷ்டம், குழாய் உடைந்தாலும் கஷ்டம். தன் வீட்டுத் தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் தனக்கென்று இருக்கும். நாம் எடுக்காமல் விட்ட ஆற்றுத் தண்ணீர் இன்னொரு ஊருக்கும், ஆற்றுப் பாசனக்காரர்களின் வயலுக்கும் உதவும்.

வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். மச்சுத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது, எத்தனை குழாய் இருக்கிறது, தொட்டிக்கு எந்த மூலை தோது என்று பார்த்து வையுங்கள். கொத்தனாரிடம் ஆடி மாதத்துக்குள் பேசிவிடுங்கள். ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது. விதை வாங்கி வைக்கிற மாதிரியே இதையும் முன்கூட்டியே செய்தால்தான் பலன். சந்தேகம் இருப்பவர்கள் அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்து விவரம் கேட்டுக்கொள்ளலாம்.