பெயர் அவருடையது, எழுத்து என்னுடையது

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எப்பவும் வீட்டிலேயே இருக்கீங்களே, என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று லிஃப்டில் உங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். தரைத்தளம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. இன்று நேரம் ஒதுக்கிக் கொடுத்த செயலாளருக்கு நன்றி.

நான் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கோஸ்ட் ரைட்டர் என்பார்கள். தன்வரலாறு, நிறுவனங்களின் வெள்ளி விழா மலர், மேடை உரை என எதுவாக இருந்தாலும் பெயர் அவர்களுடையது, எழுதுவது நான்.

"இது ஏமாற்று வேலை இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸியின் 'ஓபன்' என்ற தன்வரலாறு 2009-இல் வந்தது. அதை எழுத உதவியவர் ஜே.ஆர். மோரிங்கர் என்ற பத்திரிகையாளர். பெயரை அட்டையில் போடலாம் என்று அகாஸி சொல்லியும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். வாழ்க்கை அகாஸியுடையது, அதைச் சொல்ல உதவியது மட்டுமே தன் வேலை என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் "பையனோட காலேஜ் ப்ராஜெக்ட்டை எழுதித் தர முடியுமா?" என்று கேட்டால் முடியாது என்றுதான் சொல்வேன். அங்கே மதிப்பெண்ணே சொந்தமாக எழுதுவதற்குத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வேலையில் எழுதுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தால், அதைத் திரும்பக் கேட்டு எழுத எனக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிறது. அதையும் சரியாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்.

அவர் சிறிய ஸ்டேஷன் ஒன்றில் இரவுப் பணியில் இருந்தபோது அப்பா இறந்த செய்தி வந்தது. மாற்று ஆள் வரும்வரை அவரால் நகர முடியாது. இதை என்னிடம் நாலே வரியில் சொன்னார். நான் அதை ஒரு பக்கமாக்கினேன். கண்ணீர் பெருகியது, தண்டவாளம் மங்கியது என்றெல்லாம் எழுதினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் அழலையே தம்பி. ரெண்டு வண்டிக்கு லைன் கிளியர் குடுத்தேன். ஆள் வந்ததும் கிளம்பினேன். அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் சொன்ன நாலு வரியையே வைத்தேன். புத்தகம் வந்த பிறகு அவருடைய மகள் எனக்குப் போன் செய்து பேசியது அந்த நாலு வரியைப் பற்றித்தான். "அப்பா பேசற மாதிரியே இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு இந்த வேலையில் இல்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். என் முதல் வாடிக்கையாளர் ஒரு தொழிலதிபர். எல்லாம் வாய்ப்பேச்சு. பாதிப் பணம் கொடுத்தார். புத்தகம் அச்சாகி விழாவும் நடந்தது. மீதிப் பணம் இன்றுவரை வரவில்லை. தப்பு என் மேலும் உண்டு. நான் எதையும் எழுதி வாங்கவில்லை.

எழுதித் தருபவருக்கு மட்டுமல்ல, எழுதச் சொல்பவருக்கும் ஒப்பந்தம் அவசியம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் தனியாக எழுதித் தருபவர்தான் பொதுவாக அந்த எழுத்தின் முதல் உரிமையாளர். பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். உங்கள் வாழ்க்கைக் கதையின் உரிமை ஆறாவது ஆண்டில் உங்களிடம் இல்லாமல் போகலாம், பாருங்கள்.

ஆகவே யாரிடம் எழுதக் கொடுத்தாலும் இவற்றை முதலிலேயே எழுதி வையுங்கள்: மொத்தத் தொகை, எத்தனை தவணை, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், உரிமை யாருக்கு, பேசிய பதிவுகளை யார் வைத்திருப்பது. "இதைப் போட வேண்டாம்" என்று நீங்கள் சொன்னது வெளியே போகக்கூடாது என்பதையும் சேருங்கள். சொத்துத் தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். பெரிய தொகை என்றால் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எல்லோரும் புத்தகம் போட வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டரைப் போடுங்கள். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். எழுதுவது பிறகு யாராலும் முடியும். சொல்ல அவர்தான் இருக்க வேண்டும்.