பொன்முடிப் படங்கள்



சென்ற ஆண்டு நம் சங்கத்துக் குடும்பங்கள் பொன்முடிக்கு உல்லாசப் பயணம் சென்று வந்ததை யாவரும் அறிவீர்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், மூடுபனிக்கிடையே நின்றோம். கைபேசி இல்லாதவர் எவருமில்லை. எடுத்த படங்களுக்கோ கணக்கில்லை.

அன்று நம்மோடு வந்த மூதாட்டியார் ஒருவர் அண்மையில் இயற்கை எய்தினார். பனிக்கிடையே அவர் சிரித்து நின்ற படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட அவருடைய மக்கள் விரும்பினர். செய்திச் செயலி வழியாக வந்த படம் பெரிதாக்கியவுடன் கட்டங்கட்டமாகச் சிதைந்தது. மூலப்படமோ, கைபேசியில் இடமில்லையென்று முன்பே அழிக்கப்பட்டிருந்தது. இறுதியில் சுவரில் ஏறியது, படச்சுருள் காலத்தில் ஊர் ஸ்டுடியோவில் எடுத்த அவருடைய திருமணப் படமே.

ஆகவே டிஜிட்டல் முறை படத்தின் தரத்தைக் கெடுத்துவிட்டதென முடிவு கட்டலாமா? ஆகாது. 1975-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் கருவி 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தையே தந்தது. அதைப் பதிவு செய்ய 23 விநாடிகள் ஆயின. இன்றோ கைபேசிகள் பலவற்றில் 5 கோடிப் புள்ளிகள் உள்ளன.

1960-ஆம் ஆண்டில் உதகையில் தோன்றிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' படச்சுருள்களை அளித்து வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சுருளில் 12 அல்லது 36 படங்களே எடுக்கலாம். வெண்பனியின் பிரகாசத்தில் ஒளிமானி ஏமாந்து, வேண்டிய ஒளியைக் குறைத்துக் காட்டும். படம் சாம்பல் நிறமாக மங்கிவிடும். அப்பிழை சுருளைக் கழுவிய பின்னரே தெரியும். இன்று எடுத்த நொடியிலேயே கண்டு திருத்துகிறோம். இது சிறிய பேறன்று.

ஆயினும், அன்று எண்ணி எடுத்ததால் நின்று பார்த்து எடுத்தோம். இன்று அந்தப் பொறுமை நம்மிடம் இல்லை. கைபேசியின் மென்பொருள் மெருகேற்றும்போது புல்லின் நுண்மையும் பனியின் மென்மையும் மறைவதுண்டு. செயலியில் அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு மேலும் தெளிவிழக்கிறது. கருவி தந்த தரத்தைக் காக்கத் தவறுகிறவர்கள் நாமே.

ஆதலின் ஒரு வேண்டுகோள். மூலப்படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பிறருக்கு அனுப்பும்போது கோப்பாக அனுப்புங்கள், படம் சுருங்காது. ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் இடமும் நாளும் குறித்து வையுங்கள். பிறந்த ஊரை விட்டு வந்த நாம், பழைய வீட்டையும் தெருவையும் நம் பிள்ளைகளுக்குக் காட்ட இயலாது. முகங்களையாவது தெளிவாகக் காட்டுவோம்.