அஞ்சும் உயிருக்கு ஏற்ற இல்லம்

 

கொல்லாமையைப் பற்றிப் பேசுவதற்கு என்னினும் தகுதியுடையோர் இவ்வவையில் பலர் உளர். ஆதலின் அப்பெரிய அறத்தின் ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய் ஒன்று, மனிதரைக் கண்டாலே ஒடுங்கும் இயல்புடையதாயின், அதனை எவ்வகை இல்லத்தில் சேர்ப்பது? இதுவே என் பேச்சின் பொருள்.

சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகிறது. நீராட்டு விழாவின்போது, உணவைத் தீண்டியது என்பதற்காக அது அடிபட்டுக் குற்றுயிராகிறது. சீவகன் அதனைக் காண்கிறான். இனி அது பிழையாது என உணர்ந்து, அதன் செவியில் ஐந்து பதங்களாலான மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னாளில் அவனுக்குத் துணை நிற்கிறது. பல்லாண்டுகள் இக்கதையை வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். என் உள்ளத்தில் தங்கியது ஒன்றுதான்: அந்த நேரத்தில் அந்த உயிருக்கு எது வேண்டுமோ, அதனைச் சீவகன் அறிந்து கொடுத்தான். இரக்கம் உடையோர் உலகில் பலர். அறிந்து கொடுப்போர் சிலரே.

நம் சென்னையில் இவ்விரக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம் 1959ஆம் ஆண்டு தம் குடும்பத்தாருடன் தொடங்கியதே புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்னும் அமைப்பு. மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றதே அதன் வித்து என்பர். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியபோது, மனிதரோடு விலங்குகளையும் மீட்கப் பலர் முன்வந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். மீட்பது அரிய செயல். எனினும் அது முதற்படியே. மீட்கப்பட்ட உயிர் காப்பகத்துக் கூண்டிலேயே காலம் கழிக்குமாயின், தொடங்கிய அறம் பாதியில் நிற்கிறது.

நம் ஊரப்பாக்கத்தில் நாய்கள் கைவிடப்படும் முறை ஒன்றைக் கூறுகிறேன். புதிய அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் காவலாளியின் குடும்பம் தங்கும். அவர்கள் இடும் சோற்றில் நாய்கள் வளரும். பணி முடிந்ததும் குடும்பம் வேறிடம் செல்லும். நாய்கள் அங்கேயே நிற்கும். புதிதாகக் குடியேறியோர் அவற்றைத் துரத்துவர். ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலை, மறுபுறம் இருப்புப்பாதை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் சாலையின் நெரிசலும் மிகுந்துவிட்டது.

இத்தகைய நாய்களுள் சில அளவுகடந்து அஞ்சுவது ஏன்? பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையிலான காலமே நாய்க்குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது மனிதரின் அன்பான தொடுதலை அறியாத குட்டி, வளர்ந்தபின் நீட்டிய கையைக் கண்டு நடுங்கும். வாலை இடுக்கும், செவியைப் பின்னே மடக்கும், முகத்தைத் திருப்பும், பசியின்றியே உதட்டை நக்கும். இவை அச்சத்தின் மொழி. இம்மொழி அறியாதவர் மேலும் நெருங்குவர்; ஒதுங்க வழியற்ற நாய் கடிக்கும். பிறகு அதற்குக் ‘கடிநாய்’ என்னும் பெயர் நிலைத்துவிடும். வேறு இல்லம் கிடைப்பதும் அரிதாகிவிடும்.

எங்கள் தெருவை அடுத்த கட்டடத்தில் அவ்வாறு நின்றுவிட்ட பெண் நாய் ஒன்றை இளைஞர் சிலர் மீட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தனர். அன்புமிக்க குடும்பம் ஒன்று அதனை ஏற்றது. இரண்டு சிறு குழந்தைகள், நாள்தோறும் விருந்தினர், ஓயாத தொலைக்காட்சி. குழந்தைகள் அன்பினால் அதனைத் துரத்தித் துரத்திக் கொஞ்சினர். அது கட்டிலுக்கடியிலேயே கிடந்து, உணவையும் மறுத்தது. எட்டாம் நாள் திரும்பி வந்தது. அக்குடும்பத்தாரைக் குறைகூற ஒன்றுமில்லை. அவ்வில்லம் வேறொரு நாய்க்கு ஏற்றது, அவ்வளவே. பின்னர் அதனைக் கேட்டு மூவர் வந்தனர். இளைஞர்கள் மூவரிடமும் பணிவாக மறுத்தனர். இரண்டு திங்கள் கழித்து, ஓய்வுபெற்ற தம்பதியர் வந்தனர். அமைதியான வீடு, அங்கே சாந்தமான முதிய நாய் ஒன்றும் இருந்தது. புதியது அந்த முதிய நாயைப் பார்த்தே உண்ணக் கற்றது. அம்மூதாட்டி நாள்தோறும் மாலையில் அதனைப் பாராமல், பக்கவாட்டில் அமர்ந்து கீரை ஆய்வார். நாற்பது நாள்களுக்குப் பின் அது தானாகவே வந்து அவர் முழங்காலில் முகவாயை வைத்தது.

இல்லத்தைத் தேடுவோர் கருத வேண்டியவை சில உள. வீடு பெருஞ்சாலையை ஒட்டி இருத்தலாகாது. பகலில் ஒருவரேனும் வீட்டிலிருப்பது நலம். வெளிக்கதவின் இடைவெளி நாய் நுழைந்து ஓடாத அளவினதாக இருத்தல் வேண்டும். அஞ்சும் நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிவிடும். ஆதலின் மார்பைச் சுற்றிய பட்டை வேண்டும். வீட்டார் அனைவரும் ஒருமனப்பட்டிருக்க வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவும் வேண்டும். முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரம் பழக்கம், மூன்று திங்கள் நம்பிக்கை என்பது நாய் வளர்ப்போர் கூறும் கணக்கு. மிக அஞ்சும் நாய்க்கு இதனினும் மிகுந்த காலம் ஆகலாம்.

தீபாவளியை ஒட்டிய வாரங்களில் இத்தகைய நாயைப் புது வீட்டிற்கு அனுப்புதல் தகாது. வெடியொலிக்கு அஞ்சி ஓடிய நாய், வழியறியாது தொலைந்துபோகும். மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகத் தீபாவளியைப் போற்றும் உங்களுக்கு, அந்நாளின் அமைதியைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை.

உணவைப் பற்றிய ஐயம் உங்களுள் பலருக்கு எழலாம். பூனைக்கு இறைச்சி இன்றியமையாதது, நாய் அவ்வாறன்று. கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி அமைத்த சமச்சீரான சைவ உணவில் நாய் நலமாக வாழ இயலும். வெங்காயமும் பூண்டும் நாய்க்குத் தீங்கு பயப்பவை. அவ்வகையில் உங்கள் அடுக்களை ஏனைய வீடுகளினும் பாதுகாப்பானது!

சட்டமும் இப்பொறுப்பை உணர்த்துகிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றமாகும். 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் தெருநாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, விரும்புவோர் அவற்றைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது; தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவிற்கு வாராமல் காப்பது அவர்தம் பொறுப்பு என்றும் கூறியது. ஆதலின் ‘பார்ப்போம், ஒத்துவராவிடில் விட்டுவிடுவோம்’ என்னும் எண்ணத்தோடு எவரும் நாயை ஏற்றலாகாது. ஒத்துவராத நிலையில், கொடுத்தவரிடமே திருப்பி ஒப்படைத்தல் வேண்டும்; கொடுத்தவரும் முகம் சுளியாது ஏற்றல் வேண்டும்.

அன்பர்களே, நாய் வளர்க்க எல்லாராலும் இயலாது. இயலாதவர் செய்யத்தக்கதும் உண்டு. தக்க இல்லம் கிடைக்கும்வரை மீட்ட நாயைத் தம் வீட்டில் வைத்துக் காப்போருக்கு உணவுச் செலவையும் மருத்துவச் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். ஏனெனில், காத்திருக்க வழியில்லாதபோதுதான் முதலில் வந்தவரிடம் நாயைக் கொடுத்துவிடுகிறோம். நீங்கள் தரும் சிறு தொகை, ஒரு நாய்க்கு இரண்டு திங்கள் காத்திருப்பை வாங்கித் தரும். அக்காத்திருப்பின் முடிவில், அதற்கென்றே அமைந்த வீட்டின் கதவு திறக்கும்.